தேன்நாடும் வெறும் பெட்டிகளும்

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று அழைத்து மகிழ்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். கலைவிழா மேடையில் முழங்கும் பேச்சாளர் முதல் சிறப்பு மலருக்கு ஆசியுரை வழங்கும் அதிகாரி வரை அப்பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளாதார் அரியர். வாவியில் பாடுவது மீனா, சிப்பியா என்று வாதிடுவதற்குக்கூட ஆட்கள் உளர். ஆனால் தேன்நாட்டிலே தேனீக்கு நேர்ந்தது என்ன என்று கேட்போர் மிகச் சிலர். கேட்டே ஆகவேண்டிய காலம் இது. கேள்வி பூச்சியைப் பற்றியதாகத் தோன்றலாம். அதன் பின்னால் நிற்பவை உழைக்கும் மக்களின் வயிறும் தன்மதிப்புமாகும்.

56 கிலோமீற்றர் தூரம் நீண்டு கிடக்கும் வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் கடலும் தென்னையும் பட்டினமும். படுவான்கரையில் வயலும் குளமும் மேய்ச்சல் தரையும், அவற்றுக்கு அப்பால் காடும். தேன்நாடு என்ற பெயரை ஈட்டித் தந்தது அந்தக் காடே. பாலையும் வீரையும் நாவலும் மருதும் பூத்த காலங்களில், வேடரும் சேனைப் பயிர் செய்தோரும் தீப்பந்தமும் கத்தியும் கொண்டு சென்று, மரப்பொந்தையும் பாறை இடுக்கையும் தேடித் தேன் எடுத்தனர். எடுத்தனர் என்பதே பொருத்தமான சொல். வளர்த்தனர் என்று சொல்வதற்கில்லை. புகையிட்டு, முட்டையோடும் புழுவோடும் வதையை அறுத்த பிறகு கூட்டம் பிழைத்ததா, அழிந்ததா என்று திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அன்று காடு பெரிது, மனிதர் சிலர்.

இன்று நிலைமை தலைகீழ். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் மரங்களை வேரோடு சாய்த்தது. பின்னர் வந்த போர் மக்களை ஊர்விட்டு ஊர் துரத்தியது. 2007 வரை கிழக்கில் நீடித்த அப்போரின்போது, காட்டை அறிந்த முதியவர் தம் பேரப்பிள்ளையை அழைத்துச் சென்று, தேனீ நீர் குடிக்க வரும் துறை இது, அது திரும்பிப் பறக்கும் திசை இது என்று காட்டும் வாய்ப்பே அற்றுப்போயிற்று. ஒரு தலைமுறையின் அறிவுத் தொடர் நடுவே அறுந்தது.

போர் ஓய்ந்தபின் பெட்டிகள் வந்தன. வாழ்வாதார உதவி என்ற பெயரில், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சும் ஆடும் தையல் இயந்திரமும் வழங்கியோர் தேனீப் பெட்டியையும் வழங்கினர். நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. தேனீக்கு வயல் வேண்டா. தீனிக் கூலி வேண்டா. காணியற்றவரும் வேலியோரத்து மரநிழலில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம். ஏழைக்கு இதைவிட ஏற்ற தொழில் உண்டோ என்று தோன்றும். ஆனால் நாம் படிப்பிக்கும் பாடசாலையைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களில் அப்பெட்டிகளின் இன்றைய நிலை என்ன? ஒன்றில் கோழி அடைகாக்கிறது. ஒன்றில் வெங்காயம் கிடக்கிறது. ஒன்று கறையானுக்கு இரையாகி மூலையில் சாய்ந்திருக்கிறது. தேனீ இருக்கும் பெட்டியைக் காணப் பல வளவுகளுக்குள் ஏறி இறங்கவேண்டியிருக்கிறது.

நம் மாணவி ஒருத்தியின் தாய் இளமையிலேயே கணவனை இழந்தவர். பெட்டியிலிருந்த கூட்டம் ஏன் அழிந்தது என்று அவரிடம் கேட்டோம். “என்ட கைராசி அப்பிடி, சேர். எனக்கு எதுதான் நிண்டிருக்கு?” என்றார். அந்த மறுமொழியை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தேனீக் கூட்டம் அழிந்தால் நம் நாட்டில் மூன்று விடைகள் தயாராக உள்ளன. முதலாவது விதி: கைராசி, நாவூறு, கெட்ட காலம். இரண்டாவது அதிகாரியின் விடை: ‘பயனாளிகளுக்கு அக்கறை போதாது.’ மூன்றாவது படித்தவரின் விடை: எல்லாவற்றுக்கும் ஒரே குற்றவாளி. அவர் சில நாள் தொலைபேசிக் கோபுரத்தைச் சுட்டுவார். சில நாள் வெளிநாட்டு நஞ்சைச் சுட்டுவார். மூன்றும் வெவ்வேறு வாயிலிருந்து வந்தாலும் செய்யும் வேலை ஒன்றே. பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியத்தை மூன்றும் இல்லாமற் செய்துவிடுகின்றன.

நாம் கூறுவது இது: தேனீக் கூட்டம் காரணமின்றிச் சாவதில்லை. காரணங்கள் பல, அவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படுபவை, எழுத்தறிந்த எவரும், எழுத்தறியாத எவரும்கூட, அவற்றை இனங்காணக் கற்றுக்கொள்ளலாம்.

நம் பெட்டிகளில் வாழ்வது ‘ஏபிஸ் செரானா’ என்று விஞ்ஞானம் பெயரிட்ட ஆசியத் தேனீ. ஐரோப்பியத் தேனீயைக் காட்டிலும் உருவிற் சிறியது. கூட்டத்தின் தொகையும் குறைவு. ஐரோப்பியத் தேனீ மிகுதியாகத் தேன் சேர்த்து வைத்துக்கொண்டு பஞ்ச காலத்தைப் பொறுத்துக் கிடக்கும். நம் தேனீயோ பஞ்சம் வந்தால் குடிபெயரும். இந்த ஓர் இயல்பை அறியாமல் பெட்டி வைத்தவர், ஒரு காலை வெறும் பெட்டியைக் கண்டு ‘பூச்சி ஓடிப்போயிற்று’ என்று தலையில் கை வைக்கிறார். பசியால் ஓடும் கூட்டம் திடீரென ஓடுவதில்லை. முட்டை தேனீயாக வெளிவர ஏறத்தாழ 20 நாட்கள் ஆகின்றன. போக முடிவு செய்த கூட்டத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்துகிறது. இருக்கும் புழுக்கள் வளர்ந்து வெளிவரும் வரை பணித் தேனீக்கள் காத்திருக்கின்றன. சேமித்த தேனை உண்டு தீர்க்கின்றன. அதன் பின்னரே புறப்படுகின்றன. வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, புதிய முட்டை உண்டா என்று பார்ப்பவருக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே அறிவித்தல் கிடைத்துவிடுகிறது. அவ்வேளையில் சீனியும் நீரும் சம அளவு கலந்த பாகு சில நாட்கள் கொடுத்தால் பல கூட்டங்கள் நின்றுவிடும்.

முட்டையையும் புழுவையும் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தால் காரணம் வேறு. முசுறு ஏறியிருக்கலாம், குளவி தாக்கியிருக்கலாம், கச்சான் காற்றின் வெக்கையில் நிழலற்ற பெட்டி அடுப்பாகியிருக்கலாம். பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. மரநிழலில் வைத்து, அருகே ஒரு சட்டியில் நீரும், தேனீ அமர்ந்து குடிக்க நாலு கல்லும் இட்டால் வெக்கை தணியும். இதற்குப் பட்டம் வேண்டுமோ?

மாரி காலத்தில், நவம்பர் தொடங்கி ஜனவரி வரை அடைமழை பெய்யும்போது, வெளியே பறக்க இயலாத கூட்டம் ஓடவும் இயலாது. அப்போது பெட்டியில் இறந்து கிடக்கும் தேனீக்களைப் பாருங்கள்: வெறுமையான அறைகளுக்குள் தலையைப் புதைத்தபடி கிடக்கும். கடைசித் துளியை நக்கத் தலை நீட்டிய நிலையிலேயே அவை செத்தன. அது பட்டினிச் சாவு. முந்திய அறுவடையில் தேன் முழுவதையும் பிழிந்து எடுத்துவிட்டால் இப்படி நேரும். தொழிலாளியின் கூலியை அறுத்து இலாபம் காணும் முதலாளிக்கும், மாரிக்கு ஒரு வதையேனும் விட்டுவைக்காமல் தேன் முழுவதையும் வழித்தெடுப்பவருக்கும் முறையில் அதிக வேறுபாடு இல்லை.

வதை முழுவதும் வெண்ணிற நூலாம்படை பின்னி, புழுக்கள் நெளிந்தால், மெழுகு அந்துப்பூச்சி கூட்டத்தைக் கொன்றது என்பர். பெரும்பாலும் அது உண்மையன்று. வலிமையான கூட்டம் அந்தப் புழுவைத் தானே வெளியே இழுத்தெறியும். பசியாலோ நோயாலோ ராணி இழப்பாலோ கூட்டம் மெலிந்து, காவலற்ற வதைகள் மிகும்போதுதான் அந்து குடியேறுகிறது. விளைவைக் காரணமாகக் கொள்வது நம் நாட்டு அரசியலில் மட்டுமின்றித் தேனீப் பெட்டியிலும் நடக்கும் தவறே.

பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாக, நாக்கு வெளியே நீண்டபடி, சில கால்களில் மகரந்தப் பொதியுடனும் செத்துக் கிடந்தால் ஐயம் வேண்டா, அது நஞ்சு. புழுக்கள் மூடிய அறைக்குள் நீர்நிறைந்த சிறு பைபோல் ஆகித் தலை நிமிர்ந்து இறந்திருந்தால், அது ‘தாய் சாக்புரூட்’ எனப்படும் வைரசு நோய். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் ராணி இல்லை. பணித் தேனீக்களே கருவுறாத முட்டைகளை இடத் தொடங்கிவிட்டன. அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே பிறக்கும்; கூட்டம் நாளுக்கு நாள் தேய்ந்து மறையும்.

இவ்வாறு ஒவ்வொரு சாவும் தன் காரணத்தை எழுதிவைத்தே செல்கிறது. அதை வாசிக்கும் கல்வியை யார் கொடுத்தார்?

நம் பாடசாலைத் தோட்டத்துக்கும் ஒரு நிறுவனம் பெட்டி தந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. ஒன்றைச் சொன்னால் மற்றவை நல்லவை என்று பொருள்படும். ஒருநாட் பயிற்சி நடந்தது, உணவுப் பொதி வந்தது, படம் பிடித்தனர். சில மாதங்களுக்குப் பின் ஓர் இளைஞர் படிவத்தோடு வந்தார். வழங்கிய பெட்டிகளின் தொகை, பயிற்சி பெற்றோர் தொகை, அவர்களுள் பெண்கள் தொகை ஆகியவற்றுக்கெல்லாம் அப்படிவத்தில் நிரல்கள் இருந்தன. எத்தனை கூட்டங்கள் உயிரோடு உள்ளன என்பதற்கு நிரல் இல்லை. அந்த இளைஞர் மீது நமக்கு வருத்தமில்லை. அவரும் ஒப்பந்தக் கூலிக்கு ஓடுபவரே. எண்ணத் தக்கது எது, எண்ணத் தேவையற்றது எது என்று எங்கோ ஒரு மேசையில் முடிவு செய்தவர்கள் மீதே நம் குற்றச்சாட்டு. பெட்டியை எண்ணினால் திட்டம் வெற்றி. கூட்டத்தை எண்ணினால் திட்டம் தோல்வி. ஆகவே கூட்டத்தை எண்ணாமல் விட்டனர்.

இன்னுமொன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்ற கணக்கே தேனீ வளர்ப்பின் அரிச்சுவடியை அறியாத கணக்கு. ராணி இறந்துபோன கூட்டத்துக்கு மருந்து ஒன்று உண்டு: வேறொரு நல்ல கூட்டத்திலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்குமுன் இதனுள் வைப்பது. பிறந்து மூன்று நாளுக்கு உட்பட்ட புழுவைத் தேனீக்கள் தனியுணவு ஊட்டி ராணியாக வளர்க்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிய ராணி வெளிவரும். பறந்து சென்று கூடித் திரும்பிச் சில நாட்களில் முட்டையிடும். ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டம் எங்கிருந்து கிடைக்கும்? அயல் வளவில் பெட்டி உள்ளவர் கொடுத்தால்தான் உண்டு. ஆகவே பத்துக் கிராமங்களில் பத்துப் பெட்டி தருவது பத்துக் கூட்டத்தையும் சாகவிடுவதற்கு ஒப்பாகும். அதே பத்தை ஒரே கிராமத்தில், ஒருவரையொருவர் அறிந்த பத்துப் பெண்களுக்குத் தந்தால் ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுசெய்யும். கூட்டுறவு என்பதை நாம் கொள்கையாகப் பேசிவருகிறோம். தேனீப் பெட்டியிலோ அது தொழில்நுட்பமே.

இனி நஞ்சைப் பற்றிப் பேசுவோம். படுவான்கரை வட்டைகளில் வேளாண்மை பூக்கும் பருவத்தைப் பாருங்கள். நெல்லுக்குத் தேனீயின் உதவி தேவையில்லை. ஆயினும் நெற்பூவின் மகரந்தத்தைத் தேனீ நாடி வரும். நெற்பூ விரிவது காலை 9 மணிக்குப் பின், நண்பகல் வரை. தேனீ வயலில் இறங்குவதும் அதே வேளை. அறக்கொட்டி என்று நம் வேளாண்மைக்காரர் அழைக்கும் கபில நிறத் தத்திக்கும், கதிர்ப்பால் உறிஞ்சும் மூட்டுப்பூச்சிக்கும் நஞ்சு தெளிப்பதும் பல வட்டைகளில் அதே வேளை. ஏன்? நாட்கூலிக்கு வருபவர் காலையில் வருகிறார். தெளிகருவி வாடகைக்கு வருகிறது. போடியார் வெயில் ஏறுமுன் கணக்கை முடிக்க விரும்புகிறார். நஞ்சு தெளிக்கும் நேரத்தை முடிவு செய்வது பூச்சியின் வாழ்க்கை அன்று, கூலி நாளின் ஒழுங்கு. முகக்கவசமும் கையுறையும் இன்றி அந்த நஞ்சைத் தோளிற் சுமந்து செல்பவரின் உடம்பையும், அதே காற்றில் பறக்கும் தேனீயையும் ஒரே ஏற்பாடு வதைக்கிறது.

நஞ்சு உடனே கொல்லவேண்டுமென்பதுமில்லை. நியோநிகோட்டினாய்டு வகை நஞ்சுகள் பூச்சியின் நரம்பைத் தாக்குவன. 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லை ஒட்டி, கொல்லாத அளவிலே அவ்வகை நஞ்சை ஊட்டிப் பறக்கவிட்டபோது, பல தேனீக்கள் வீடு திரும்பவில்லை. வாசலில் பிணம் இல்லை. பெட்டியில் நோய் இல்லை. கூட்டம் மட்டும் நாளுக்கு நாள் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையின் மூன்று நஞ்சுகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்துவதை 2018இல் தடைசெய்தது. களைகொல்லி தேனீயை நேரே கொல்லாவிடினும் வரம்பிலே பூக்கும் தொட்டாற்சிணுங்கியையும் மூக்குத்திப் பூண்டையும் எரித்து, வயலுக்கும் காட்டுக்கும் இடையே தேனீயின் உணவை அழிக்கிறது.

‘அப்படியானால் தடை செய்வோம்’ என்று துள்ளியெழும் நண்பர்களுக்கு 2021ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டின் நடுப்பகுதியில் இரசாயன உரமும் நாசினியும் இறக்குமதி செய்வதை அரசு திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் அதே அரசு திடீரெனக் கைவிட்டது. தடை வந்தபோதும் உழவனைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. இடையில் நட்டமடைந்தவன் அவனே. மேலிருந்து விழும் ஆணை அறிவாகிவிடாது. ஒவ்வொரு போகத்துக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. தண்ணீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் அங்கே முடிவு செய்கிறோம். பூக்கும் பத்து நாட்களில் காலையில் நஞ்சு தெளிப்பதில்லை, இன்றியமையாதபோது தேனீ கூடு திரும்பிய மாலைக்குப் பின்னரே தெளிப்பது, தெளிக்கும் நாளைப் பெட்டி வைத்திருப்போருக்கு வட்டவிதானை முதல்நாளே அறிவிப்பது என்ற முடிவை அக்கூட்டத்தில் எடுக்க எந்தச் சட்டம் தடுக்கிறது? பெட்டி வைத்திருக்கும் பெண்கள் அக்கூட்டத்தில் அமர்வதில்லை என்பதொன்றே தடை.

நம் வாவிக்கரையின் துயரத்தை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. 2006ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமெரிக்கத் தேனீ வளர்ப்போர் ஒரு விந்தையைக் கண்டனர். ராணி இருக்கிறது, புழு இருக்கிறது, தேன் இருக்கிறது, பணித் தேனீக்களை மட்டும் காணோம். பத்திரிகைகள் மாதம் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தன. ஆண்டுக்கணக்கான ஆய்வு காட்டியது என்ன? வரோவா என்னும் உண்ணி, அது பரப்பும் வைரசுகள், நஞ்சு, ஒரே பயிரை மைல் கணக்கில் விதைத்ததால் வந்த உணவு வறுமை, கூட்டங்களை லொறியில் ஏற்றி நாடு முழுவதும் அலைக்கழித்தமை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கலிபோர்னியாவின் வாதுமைத் தோட்டங்கள் பூக்கும் பெப்ரவரியில் அந்நாட்டுப் பெட்டிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை அங்கு கொண்டுசெல்லப்படுகின்றன. இலாபத்துக்காகத் தேனீயையும் நாடோடிக் கூலியாக்கிய ஏற்பாடு அது. அந்த வரோவா உண்ணி முதலிற் கண்டறியப்பட்டது நம் ஆசியத் தேனீயிலேதான். இத்தேனீ பல்லாயிரம் ஆண்டு பழக்கத்தால் உண்ணியைக் கடித்தெறியவும் அதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தவும் அறிந்திருக்கிறது. ஐரோப்பியத் தேனீக்கு அப்பழக்கம் இல்லை. ‘பெரிய தேனீயைக் கொண்டுவந்தால் தேன் பெருகும்’ என்று ஆசை காட்டுவோர் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். 1920களில் அங்கிருந்த கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் பணி மையம் ஏழை உழவரிடையே தேனீ வளர்ப்பைப் பரப்பியது. தலைமுறைகளாக அது அவ்வூரின் தொழிலாயிற்று. 1991-92இல் தாய் சாக்புரூட் நோய் தென்னிந்தியாவைத் தாக்கியது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது கூட்டங்கள் அழிந்தன. மருந்து கிடையாது. இன்றுவரை அந்நோய்க்கு மருந்து கிடையாது. ஆயினும் அங்கே தேனீ வளர்ப்பு ஒழிந்துவிடவில்லை. நோயைத் தாங்கி நின்ற சில கூட்டங்களிலிருந்து மீண்டும் பெருக்கினர். நலிந்தவற்றின் ராணியை நீக்கிச் சிலநாள் புழுவே இல்லாமற் செய்து நோயின் தொடரை அறுக்கும் முறையும் உண்டு. பெட்டிகள் வெறுமையாயின, கைகளில் இருந்த அறிவு வெறுமையாகவில்லை. மார்த்தாண்டத்துக்கும் நம் படுவான்கரைக்கும் உள்ள வேறுபாடு அதுதான். அங்கு பேரழிவின் பின்னும் பெட்டி நிறைந்தது. இங்கு ஒரு மாரியின் பின் பெட்டியில் வெங்காயம் கிடக்கிறது.

இங்கே நம் சொந்த முகாமோடும் ஒரு வார்த்தை பேசவேண்டும். ‘தேனீயைக் கொல்வது முதலாளித்துவம், சமுதாயம் மாறினால் எல்லாம் சரியாகும்’ என்று கூறி அமரும் தோழர்களை நாம் அறிவோம். நஞ்சு விற்கும் கம்பனியின் பங்கை நாம் மறைக்கவில்லை, மேலே எழுதியிருக்கிறோம். ஆனால் நவம்பர் மழையில் பட்டினியால் சாகும் கூட்டத்துக்குக் கொள்கை விளக்கம் பாகு ஆகாது. முசுறு ஏறும் பெட்டிக்காலுக்கு நீர்க்கிண்ணம் வைக்கப் புரட்சி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பெருங் காரணத்தைச் சொல்லிச் சிறு காரணத்தைப் பாராமல் விடுவது, விதியைச் சொல்லிக் கைகட்டி நிற்பதன் படித்த வடிவம். பட்டினிக்கும் நஞ்சுக்கும் வேறுபாடு காணத் தெரியாதவர் நஞ்சு விற்பவனை எதிர்த்து எப்படி வழக்குரைப்பார்? ‘உன் பெட்டியில் உணவில்லை, அதனால் செத்தது’ என்று அவன் சொன்னால் என்ன விடை கூறுவார்? அறிவே இங்கு ஆயுதம் என்பது இக்காரணத்தாலேயே.

அந்த அறிவு எட்டாக்கனியும் அன்று. ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா ஊபர் இளமையிலேயே பார்வையிழந்தவர். அவருடைய பணியாளரான பிரான்சுவா பூர்ணென் என்பவரே பெட்டியைத் திறந்து பார்த்தார், கண்டதைச் சொன்னார், ஊபர் கேள்விகளைத் தொடுத்தார். 1792இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, ராணி வெளியே பறந்து சென்று ஆண் தேனீயோடு கூடுகிறது என்பதை உலகுக்கு நிறுவியது. கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரும், பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த ஒரு தொழிலாளியும் சேர்ந்தபோது அந்த விஞ்ஞானம் பிறந்தது. நம் கிராமத்தில் இவ்விருவரும் இல்லையா?

நம் பாடசாலையில் செய்வதைச் சொல்வோம். நிறுவனம் தந்த பெட்டியோடு, பெற்றோர் இருவர் கொணர்ந்த பொந்துக் கூட்டங்களையும் சேர்த்து மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறோம். பெட்டிக்கு ஒரு கொப்பி. வாரம் ஒருமுறை இரண்டு மாணாக்கர் திறந்து பார்த்து ஐந்து செய்திகளை எழுதுகின்றனர்: புதிய முட்டை உண்டா? தேன் எத்தனை சட்டத்தில்? எறும்பு, அந்து, இறந்த புழு உண்டா? அயலில் என்ன பூக்கிறது? வட்டையில் நஞ்சு தெளித்தார்களா? இவ்வளவே. இரண்டு ஆண்டுக் குறிப்பைப் புரட்டினால் மரமுந்திரிகையும் வேம்பும் கண்டலும் பூக்கும் மாதம் தெரிகிறது. பசி தொடங்கும் மாதம் தெரிகிறது. இந்தக் கொப்பியைப் பார்த்த அந்தத் தாய், தம் பெட்டி வெறுமையான மாதத்தை விரல்விட்டு எண்ணி, “அப்ப அது பசியில போயிருக்கு, சேர்” என்றார். கைராசி என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை. தேனைவிட இது நமக்கு இனித்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. பெட்டி வழங்குவோர் தனித்தனிக் குடும்பத்துக்கு வழங்குவதை நிறுத்தி, ஒரே கிராமத்தில் குழுவாக வழங்கவேண்டும். ஒருநாட் பயிற்சியை ஒழித்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாக உடனிருந்து கற்பிக்கவேண்டும். ஆண்டு முடிவில் உயிரோடுள்ள கூட்டங்களை எண்ணி ஊருக்கு அறிவிக்கவேண்டும். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில், மலைநாட்டில் இருக்கிறது. மலைநாட்டின் பூக்காலம் வேறு. வாவிக்கரையின் பூக்காலம் வேறு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விவசாய பீடம் இருக்கிறது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் உரிய பூக்கால அட்டவணை ஒன்றைத் தமிழில், கிராமத்துப் பெண் வாசிக்கும் நடையில் வெளியிடுவது அதன் கடமை. சாலையோரம் நிழலுக்கு மரம் நடும் பிரதேச சபைகள் புங்கையும் நாவலும் இலுப்பையும் நட்டால், நிழலோடு தேனும் கிடைக்கும்.

ஆசிரிய நண்பர்களிடமும் மாணவ நண்பர்களிடமும் கேட்பது ஒன்றே. அடுத்த வாரம் உங்கள் ஊரில் வெறுமையாய்க் கிடக்கும் ஒரு பெட்டியைத் தேடிச் செல்லுங்கள். அதைத் திறவுங்கள். வதை இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது எதனால் செத்தது என்பதை அப்பெட்டிக்கு உரியவரோடு அமர்ந்து ஆராய்ந்து எழுதுங்கள். தன் உழைப்பு ஏன் தோற்றது என்று அறியும் உரிமை ஒவ்வொரு ஏழைக்கும் உண்டு. அந்த உரிமையை மறுத்துவிட்டுத் தேன்நாடு என்று மேடையில் முழங்குவது, பசித்தவன் முன்னே விருந்தின் பெயரைச் சொல்லிச் செல்வதாகும்.